ஓர்காவின் தலையில் பாடிய தவளை

மார்ச் 5, புதன்

மழை. இந்தச் சொல்லை எழுதுவதையே நிறுத்திவிடலாம் என்று பார்க்கிறேன். எங்கள் தீவில் மழை பெய்யாத நாளைக் குறித்தால் போதும், நோட்டும் மிச்சம், பேனாவும் மிச்சம்.

பள்ளித் தலைமையாசிரியர் கெஸ்லர் இன்று வானொலி நிலையத்துக்கே வந்துவிட்டார். ஒஹையோவிலிருந்து வந்து ஏழு மாதம் ஆகிறது, இன்னும் குடை பிடிக்கிறார். அது ஒரு நாளைக்கு இரண்டு முறை காற்றில் தலைகீழாகத் திரும்பிக்கொள்கிறது, அவர் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஆச்சரியப்படுகிறார். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் போடப் போகிறாராம். ஓர்காத் திமிங்கலங்கள், அவற்றின் பாட்டு, அவற்றைப் பற்றிய நம் தீவின் கதைகள். படம் வரைய ஜூனோ நகரில் ஆள் பிடித்தாகிவிட்டது. அட்டைக்கு நிறம் பார்த்தாகிவிட்டது. கதைகள் மட்டும்தான் பாக்கி. சின்ன விஷயம்!

"உங்க ஊர்ல ஆளுக்கொரு ஓர்கா கதை இருக்குமே, மார்லீன். நல்லதா ஒரு பத்து எடுத்துக் குடுங்க" என்றார், கடையில் உருளைக்கிழங்கு கேட்பதுபோல.

இங்கே கதை தெருவில் கிடப்பதில்லை, ஒவ்வொரு கதைக்கும் ஒரு வீடு உண்டு, அந்த வீட்டார் தவிர வேறு யாரும் அதைச் சொல்லக் கூடாது, சொல்ல வேண்டுமானால் அவர்களிடம் கேட்க வேண்டும் என்று விளக்கினேன். ஓர்கா கதை ஓர்கா வீட்டாருடையது. அப்பா ஓர்கா வீடுதான், ஆனால் இங்கே பிள்ளைகள் அம்மா வீட்டில் சேர்த்தி, அதனால் நான் தவளை வீடு. எங்களுக்கும் ஓர்காவுக்கும் கல்யாண சம்பந்தம் உண்டு, கதை சம்பந்தம் கிடையாது.

"ஓ, காப்புரிமை மாதிரி" என்றார்.

"அதைவிட மோசம். இதுல சொந்தக்காரங்க அடுத்த தெருவுலயே இருக்காங்க" என்றேன்.

சிரித்தார். விதியை இவ்வளவு தெளிவாக விளக்கிய ஒரு பெண் அடுத்து என்ன செய்வாள் என்று யாராவது பந்தயம் கட்டியிருந்தால் தோற்றிருப்பார்கள்.

மார்ச் 8, சனி

செய்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை சிறுவர் நேரம், என் நிகழ்ச்சி. கருவிகளைப் பார்த்துக்கொள்வது வெண்டல், என் அத்தை மகன். நீரிணையில் கடலுக்கடியில் ஒரு ஒலிவாங்கி தொங்குகிறது. அதில் பதிவான ஓர்காக்களின் குரலை நான்கு நிமிடம் போட்டான். கிறீச், கீய்ங், ஊஉ என்று அவை பேசிக்கொள்ள, நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இன்று அப்பாவின் பிறந்த நாள். அவர் போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. குரல் நின்றதும் ஒலிவாங்கிக்கு முன்னால் நான் இருந்தேன், என் வாய் தானாகத் திறந்தது.

"பிள்ளைகளே, இப்போ ஓர்கா வீட்டுப் பழங்கதை ஒண்ணு சொல்றேன். எங்கப்பா எல்மர் எனக்குச் சொன்னது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெண்டல் காதிலிருந்து கருவியைக் கழற்றிக் கீழே வைத்தான். அதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை. முழுக்கச் சொன்னேன்.

ஒரு ஓர்காவுக்குக் குரல் சரியில்லை. கூட்டமே பாடும்போது அது வாயைத் திறந்தால் துருப்பிடித்த கதவுச் சத்தம்தான் வரும். ஆறு கடலில் சேரும் ஆற்று வாயில் ஒரு தவளை நன்றாகப் பாடுவதைக் கேட்டு, "உன் குரலைக் கொடு" என்று கேட்கிறது. "குரலெல்லாம் தர மாட்டேன். வேண்டுமானால் நானே வருகிறேன். ஆனால் உப்புத் தண்ணீர் எனக்கு ஆகாது" என்கிறது தவளை. "என் தலையில் மூச்சுவிட ஒரு துளை இருக்கிறது, அதில் உட்கார்ந்துகொள்" என்கிறது ஓர்கா. தவளை ஏறி உட்காருகிறது. ஓர்கா மூச்சு விடும்போதெல்லாம் தவளை வானத்துக்குப் பறக்கும், அங்கிருந்து ஒரு வரி பாடும், மறுபடி துளைக்குள் விழும். மற்ற ஓர்காக்கள் அண்ணாந்து பார்த்து, "ஆகா, இவன் பாட்டு மேலிருந்து வருகிறதே!" என்று வாயைப் பிளக்கின்றன. கோடை முழுக்க இப்படியே. தவளை, படகுக்காரர்களின் கடல் பிஸ்கட் தின்கிறது, டின் இறைச்சியைக் குறை சொல்கிறது. குளிர் வரும்போது ஓர்கா அதை ஆற்று வாயில் பத்திரமாக இறக்கிவிட்டுப் போகிறது. ஆற்று வாய்க்கு வந்தால் ஓர்காக்கள் தலையை நேராக நீருக்கு மேலே தூக்கி ஒரு பார்வை பார்க்கின்றன அல்லவா, அது தவளை தயாராகிவிட்டதா என்று பார்க்கத்தான்.

என் ஐந்து வயதில் அப்பாவின் படகில் கேட்டது. கோடை முழுக்க அவர் படகில்தான் இருப்பேன். பள்ளி திறக்கும்போது அம்மா வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

அந்தப் படகு வெண்டலுக்குப் போனது. துப்பாக்கி வெண்டலுக்கு. தூண்டில், வலை, புகைபோக்கி உடைந்த அடுப்பு எல்லாம் வெண்டலுக்கு. குறை சொல்லவில்லை, வழக்கம் அது: ஆணின் உடைமை சகோதரி பிள்ளைக்கு. எனக்கு அவருடைய மஞ்சள் மழைக்கோட்டு வந்தது, அதுவும் வெண்டலுக்கு அளவு சேராததால். அதோடு இந்தக் கதை. கதையும் எனக்கு வந்ததல்ல, நானாக எடுத்துக்கொண்டது என்று இன்று ஊருக்கே அறிவித்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

தேவாலயத்தில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

மார்ச் 11, செவ்வாய்

வெண்டல் நிலையத்துக்கு வந்து, என் மேசையில் ஒரு ஜாடியை வைத்தான். போன வாரம் ஹெஸ்டர் அத்தைக்கு நான் கொடுத்தனுப்பிய புகைமீன் ஜாடி. அத்தை அப்பாவின் அக்கா, வெண்டலின் அம்மா, ஓர்கா வீட்டின் வாய், மூளை, சாட்டை. ஜாடி காலியாகத் திரும்பினால் நன்றி. பாதியாகத் திரும்பினால் வயிறு சரியில்லை. முழுசாகத் திரும்பியிருக்கிறது.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமேவா?"

"குடுத்துட்டு வான்னாங்க. உங்கிட்ட நின்னு பேசாம வரச் சொன்னாங்க. நான் இப்பவே நாலு வார்த்தை பேசிட்டேன், ஆள விடு."

மார்ச் 13, வியாழன்

க்ளிஃபர்ட் மாமா கூப்பிட்டனுப்பினார். அம்மாவின் அண்ணன், தவளை வீட்டுத் தலைவர். மேசையில் தேநீர் இருந்தது, எனக்கு இல்லை. நிலைமை புரிந்துவிட்டது.

"ஓர்கா வீட்டுக் கதைய ரேடியோவுல சொன்னியா?"

"சொன்னேன்."

"கேட்டுட்டுச் சொன்னியா?"

"இல்ல மாமா."

"நாப்பத்து மூணு வயசு ஆகுது. காலேஜ் படிச்ச. சியாட்டில்ல பதினாலு வருஷம் இருந்த. அங்க என்னதான் சொல்லிக் குடுத்தாங்க?"

"நீங்க நிகழ்ச்சி கேட்டீங்களா மாமா?"

"நான் எதுக்குக் கேக்கணும்? கூடைப்பந்து பாத்துக்கிட்டிருந்தேன். கேட்டவங்க சொன்னாங்க, போதாதா?"

தீர்ப்பு இது: தப்பு செய்தது நான், வெட்கப்பட வேண்டியது வீடு முழுக்க. நாற்பது பேரும் சமூகக் கூடத்தில் ஓர்கா வீட்டாருக்கு முன்னால் நின்று கதையைத் திருப்பித் தர வேண்டும், விருந்து வைக்க வேண்டும். நான் முன்னால் வந்து, இனி எங்கேயும் யாரிடமும் அந்தக் கதையைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குத் தர வேண்டும். ஹெர்ரிங் மீன் முட்டை போடும் காலம் வரட்டும், முட்டை இல்லாமல் மன்னிப்பு கேட்டால் அது மன்னிப்பே இல்லை. ஏப்ரல் 12.

யாரிடமும் என்றால்? குளிக்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாமா? கேட்கவில்லை. மாமாவின் முகம் கேள்வி நேரத்துக்கானதாக இல்லை.

மார்ச் 15, சனி

சிறுவர் நேரத்தில் வானிலை அறிக்கை வாசித்தேன். இருபது நிமிடம். பிள்ளைகளுக்கு அலையின் உயரம் பற்றி இனி எந்தச் சந்தேகமும் இருக்காது.

முடிந்ததும் வெண்டல் கொஞ்சம் இளகினான். இளகினால் அவனுக்கு அறிவுரை வந்துவிடும்.

"ஒண்ணு தெரியுமா? ஓர்கா கூட்டம் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிக் குரல் இருக்கு. குட்டி தன்னோட அம்மா கூட்டத்துக் குரலைத்தான் பாடும். அப்பன் வேற கூட்டம், வேற பாட்டு. அந்தப் பாட்டைக் குட்டி தொடாது."

"இப்போ எதுக்கு இது?"

"சும்மா. பொது அறிவு."

திமிங்கலத்துக்குக்கூடத் தெரிந்த ஒழுங்கு எனக்குத் தெரியவில்லை என்கிறான். இதைச் சொல்ல அவனுக்கு ஒரு வாரம் ஆகியிருக்கிறது, கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருப்பான்.

மார்ச் 20, வியாழன்

கெஸ்லருக்கு ஊரில் நடப்பது எதுவும் தெரியாது, அது ஒரு வரம். வானொலியில் கேட்டாராம், சொக்கிப்போனாராம். பதிவை ஜூனோவுக்கு அனுப்பி, ஓவியரும் படத்தை வரைந்து அனுப்பிவிட்டார். தவளைக்குத் தொப்பி. நான் தொப்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவேயில்லை.

"புத்தகத்துல முதல் கதையே இதுதான். ஏப்ரல் கடைசியில அச்சுக்குப் போகணும்" என்றார். அனுமதி இல்லை என்றேன். உடனே பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "இதுல உங்க அத்தை ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. இங்க, அப்புறம் இங்க."

ஹெஸ்டர் அத்தையிடம் படிவத்தை நீட்டுகிற காட்சியை நினைத்துப் பார்த்தேன். படிவத்துக்காகப் பரிதாபப்பட்டேன்.

மார்ச் 24, திங்கள்

கடையில் அத்தை. ஒரே வரிசை, ஓடி ஒளிய இடமில்லை. வணக்கம் சொன்னேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை, டின் பாலை எடுத்து அதனிடம் பேசினாள்.

"சில பேருக்கு வாய் ரொம்ப நீளம். காதுதான் வளரவே இல்ல."

பால் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பிறகு ஒரு சோள டின்னிடம், "அவங்கப்பன் இப்படியில்ல. அவனுக்கு எதை எங்க பேசணும்னு தெரியும்" என்றாள். அந்த டின்னைக் கூடையில் போடாமல் திரும்ப வைத்துவிட்டுப் போனாள்.

அத்தை சொன்னது உண்மை. அப்பாவுக்குத் தெரியும். விதி தெரிந்தும், ஓர்கா வீட்டுக் கதையைத் தவளை வீட்டுப் பெண்ணுக்குப் படகில் இரகசியமாகச் சொன்னார். எனக்காக அவர் செய்த ஒரே திருட்டு அது. அதை நான் ஒலிபெருக்கியில் போட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

ஹெர்ரிங் வந்துவிட்டது. விரிகுடா முழுக்கப் பால் கலந்த நிறம். மாமாவும் மற்றவர்களும் ஹெம்லாக் மரக் கிளைகளை வெட்டித் தண்ணீரில் இறக்கியிருக்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் கிளை முழுக்க முட்டை அப்பிக்கொள்ளும். என் சித்தி மகள் கிளையை இழுத்துக்கொண்டே, "போன வருஷம் இதை நாங்களே தின்னோம்" என்றாள். பொதுவாகச் சொன்னாளாம்.

ஏப்ரல் 11, வெள்ளி

பேச வேண்டியதை மாமா நான்கு முறை ஒப்பிக்க வைத்தார். "இந்தக் கதை ஓர்கா வீட்டுடையது. நான் கேட்காமல் எடுத்தேன். இதோ திருப்பித் தருகிறேன். இனி என் வாயில் இது வராது." நான்காவது முறை கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்தது. "நல்லா இருக்கு, நாளைக்கும் அப்படியே பண்ணு" என்றார்.

மனுஷனா இவர்?

அப்பா, நீ எனக்குக் குடுத்தது இது ஒண்ணுதானேப்பா. படகு கேட்டேனா? துப்பாக்கி கேட்டேனா? இதையும் நாளைக்குப் பிடுங்கிக்கிறாங்க. நானே என் கையால எடுத்துக் குடுக்கணுமாம். அதுக்கு ஒத்திகை வேற.

ஏப்ரல் 12, சனி

இன்று எழுத முடியாது.

ஏப்ரல் 13, ஞாயிறு

சரி, எழுதுகிறேன்.

நேற்றுப் பகல் ஒரு மணி. கூடத்தில் இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் ஓர்கா வீட்டார், நடுவில் முட்டையும் கடல்நாய் எண்ணெயும் மான் கறியும் பொரித்த ரொட்டியும். கெஸ்லர் கதவருகே குடையோடு நின்றார், யார் கூப்பிட்டார்களோ. மாமா எழுந்து அழகாகப் பேசினார். எங்கள் வீட்டின் வெட்கத்தை அவர் விவரித்த விதத்தில் எனக்கே என்மேல் கோபம் வந்தது. பிறகு என்னை முன்னால் நிறுத்தினார்.

"இந்தக் கதை ஓர்கா வீட்டுடையது..." என்று ஆரம்பித்தேன்.

"நில்லு" என்றாள் ஹெஸ்டர் அத்தை. எழுந்தாள். ஐந்து வாரத்தில் முதல் முறையாக என்னைப் பார்த்து, என்னிடமே பேசினாள். "திருப்பிக் குடுக்குறவ பொருளைக் காட்டிட்டுக் குடுக்கணும். என்ன எடுத்தேன்னு முழுக்கச் சொல்லு. எங்க ஆளுங்க சரிபார்க்கட்டும்."

சொன்னேன். வேறு வழி? துருப்பிடித்த குரல், ஆற்று வாய், தலைத் துளை. தவளை முதல் முறை வானத்துக்குப் பறந்தபோது ஓர்கா பக்கத்தில் ஒருவர் இருமினார். கடல் பிஸ்கட்டில் இரண்டு பேர் குனிந்துகொண்டார்கள். டின் இறைச்சியில் அந்தப் பக்கம் முழுக்க வெடித்துச் சிரித்தது. எங்கள் பக்கம் சிரிக்கவில்லை. மாமா மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"தவளையா?" என்றார். "கதையில தவளை வருதா?"

"வருது மாமா. முதல்லேர்ந்து வருது."

"எங்க வீட்டுக் கதையில தவளை ஏதுடி?" என்றாள் அத்தை. "எங்க முன்னோருக்குக் கடல் பிஸ்கட் ஏது? டின் இறைச்சி ஏது? உங்கப்பன் நினைவு விருந்துல எங்க கதைய நாப்பது நிமிஷம் நின்னு சொன்னேன். நீ முதல் வரிசையில உக்காந்து தலையாட்டினியே. அழுதியே! என்னத்தக் கேட்டு அழுத?"

அங்கேயே உண்மையைச் சொன்னேன். அத்தை அன்று சொன்னது எங்கள் முன்னோரின் பழைய டிலிங்கிட் மொழியில். எனக்கு அதில் சாப்பாட்டுப் பெயர்களும் திட்டுகளும் மட்டும்தான் தெரியும். அன்று தெரிந்த வார்த்தை வந்தபோதெல்லாம் தலையாட்டினேன். பக்கத்தில் இருந்தவர் அழுதபோது அழுதேன்.

இப்போது எங்கள் பக்கமும் சிரித்தது. துரோகிகள்.

அத்தை கையை உயர்த்தினாள், கூடம் அடங்கியது. "இது என் தம்பி எல்மர் உக்காந்து கட்டின கதை. அவன் எங்க கதையில ஒரு வார்த்தைகூட வெளிய விடல. எங்களுது இல்லாததை எங்களுக்குத் திருப்பிக் குடுக்க முடியாது. எடுத்துட்டுப் போ. ஆனா ரேடியோவுல இதை ஓர்கா வீட்டுப் பழங்கதைன்னு எங்க தலையில கட்டினியே, அதுக்கு மன்னிப்புக் கேளு."

கேட்டேன்.

மாமாவின் கழுத்து சிவந்திருந்தது. "இது தெரிஞ்சும் அஞ்சு வாரம் ஏன் சொல்லல?"

"யாராவது என்னைக் கேட்டீங்களா? நீங்களாத்தான் வரோம்னு சொல்லி அனுப்பினீங்க. முட்டையோட வரோம்னு வேற சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு அத்தை தட்டை எடுத்துக்கொண்டாள். "வரவங்கள வேண்டாம்னு சொல்ற பழக்கம் எங்க வீட்டுல இல்ல."

ஜாடி? தைரியம் வந்து அதையும் கேட்டேன். உப்பு அதிகமாம்.

ஏப்ரல் 14, திங்கள்

அப்பா பொய் சொல்லியிருக்கிறார்.

அவர் இதை ஓர்கா வீட்டுக் கதை என்று சொன்னாரா, நானாக நினைத்துக்கொண்டேனா? யோசித்துப் பார்த்தால், சொல்லவில்லை. ஆனால் நான் அப்படித்தான் நம்புகிறேன் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? முப்பத்தெட்டு வருடம் நான் மார்தட்டிக்கொண்டது இதற்குத்தான்: எனக்காக அவர் ஒரு முறை விதியை மீறினார். மீறவில்லை. ஒரு நூல்கூட நகரவில்லை மனிதர். சொந்தக் கதையைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, குழந்தை அழாமலிருக்க வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார். பிஸ்கட் கையில் இருந்தது, பிஸ்கட் கதைக்குள் போய்விட்டது. படகில் குழம்புப் பாத்திரம் இருந்திருந்தால் ஓர்கா குழம்பும் வைத்திருக்கும்.

ஊரே சிரித்தது. நான் காட்டிய பொக்கிஷம் அது.

ஏப்ரல் 17, வியாழன்

கெஸ்லர் வந்தார். இனி தடை ஒன்றும் இல்லை, கதை என் அப்பாவுடையது, அச்சடித்துக்கொள்ளலாம் என்றேன். அவர் முகம் விழுந்தது.

"அப்போ இது மரபுக் கதை இல்லையா?"

"இல்ல. ஒரு மீனவர் படகுல பண்ணினது."

"அப்படின்னா... அது சும்மா ஒரு கதைதானே, மார்லீன்."

புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார். திருடியது என்றபோது முதல் பக்கத்தில் இருந்தது, சொந்தம் என்றதும் இடமில்லை. தொப்பி போட்ட தவளையை மட்டும் அட்டையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். குடை வாசலிலேயே திரும்பிக்கொண்டது.

ஏப்ரல் 20, ஞாயிறு

மழை இல்லை! குறித்துக்கொள்கிறேன்.

வெண்டல் படகுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தான். அப்பாவின் படகு. அவன் படகு. போய் நின்றேன், எதற்கென்று தெரியவில்லை. ஒரு தூரிகையைக் கொடுத்து, பேசாமல் அடி என்றான். கொஞ்ச நேரம் அடித்தோம். அவன்தான் முதலில் பேசினான்.

"உம்முனு இருக்க?"

"எங்கப்பா எனக்குக் காது குத்தியிருக்காரு. நீ வேற சிரிச்ச. உன்னை நான் பாத்தேன்."

"சிரிச்சேன்தான். டின் இறைச்சிக்கு யாருதான் சிரிக்க மாட்டாங்க?" தூரிகையைக் கீழே வைத்தான். "இந்தப் படகு எனக்குத்தான் வரும்னு நான் பொறந்த அன்னிக்கே எல்லாருக்கும் தெரியும். எல்மர் மாமா என்னைப் பத்தி நினைச்சுக்கூடப் பாக்க வேண்டியதில்ல, தானா வந்துச்சு. வேற யாரு பொறந்திருந்தாலும் அவனுக்குப் போயிருக்கும். உனக்கு வழக்கப்படி அவரால ஒரு ஆணிகூடக் குடுக்க முடியாது. அதனால உக்காந்து புதுசா ஒண்ணு செஞ்சிருக்காரு. அதுல ஓர்காவையும் வச்சு, தவளையையும் வச்சு. நீ என்னடான்னா அவர் திருடலையேன்னு மூக்கால அழற."

நான் தூரிகையை வண்ணத்தில் முக்கினேன்.

"கோடை பூரா சுமந்துட்டு, குளிருக்கு ஆத்து வாயில பத்திரமா இறக்கிவிடுதாம்" என்றான், என்னைப் பார்க்காமல். "எனக்கு யாரும் அப்படியெல்லாம் கதை செஞ்சு தரல. எனக்கு இஞ்சின் குடுத்தாங்க. அதுவும் எண்ணெய் ஒழுகுது."

படகுக்கு அந்தப் பக்கம் போய் அடித்தேன். அங்கே வண்ணம் ஏற்கெனவே அடித்தாகிவிட்டது. மறுபடியும் அடித்தேன். அழுதேன் என்று எழுத இதைவிடச் சுற்றுவழி எனக்குத் தெரியவில்லை.

மே 3, சனி

சிறுவர் நேரம். வெண்டல் ஓர்காக்களின் குரலைப் போட்டான். நான், "பிள்ளைகளே, இது தவளை வீட்டு மார்லீனோட கதை. ஓர்கா வீட்டு எல்மர் அவளுக்காகச் செஞ்சது" என்று சொல்லிவிட்டுத் தொடங்கினேன். இரண்டே வாக்கியம். முன்பே இப்படிச் சொல்லியிருந்தால் இவ்வளவு முட்டை மிஞ்சியிருக்கும்.

க்ளிஃபர்ட் மாமா கூடைப்பந்தை நிறுத்திவிட்டுக் கேட்டாராம். பிறகு தொலைபேசியில், "தவளைக்கு இன்னும் நாலு வரி அதிகமா இருக்கலாம்" என்றார். அவர் வீட்டுத் தலைவர், எங்கள் ஆள் நன்றாக இருக்க வேண்டும் என்ற கவலை.

மே 9, வெள்ளி

பகல் மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது. இங்கே யாரும் தட்டுவதில்லை, கதவைத் திறந்து உள்ளே வந்து அடுப்பில் என்ன என்று பார்ப்பதுதான் வழக்கம். தட்டினால் காவல்துறை அல்லது கெஸ்லர். திறந்தால் ஹெஸ்டர் அத்தை. நல்ல மேல்கோட்டு, தேவாலயத்துக்குப் போகிற காலணி, கையில் ஒரு ஜாடி.

"உள்ள வாங்க அத்தை."

"வரேன். முதல்ல விஷயத்தைச் சொல்றேன்." வாசலிலேயே நேராக நின்றாள். "வெண்டல் பொண்ணு தூங்கறதுக்கு முன்னாடி அந்தத் தவளைக் கதையக் கேக்குறா. அவன் சொல்ல மாட்டேங்குறான். சரிதான், அது உன்னோடது. நான் அவளுக்குச் சொல்லலாமான்னு கேக்க வந்தேன்."

எழுபத்து மூன்று வயது. ஓர்கா வீட்டின் வாய், மூளை, சாட்டை. என் வாசலில் நின்று என்னிடம் அனுமதி கேட்கிறாள். நான் உடனே சரி சொல்லியிருக்க வேண்டும். நல்ல பெண்கள் அப்படித்தான் செய்வார்கள்.

"யோசிக்கணும் அத்தை. மாமாவைக் கேக்கணும். அவர் வீட்டாரைக் கூட்டணும். முட்டை சீசன் வேற முடிஞ்சுபோச்சு."

அத்தையின் வாய் ஓரம் அசைந்தது. "கேளு. அதுவரைக்கும் இங்கயே நிக்குறேன்."

"சரி, சொல்லிக்கோங்க. உள்ள வாங்க."

வந்து அமர்ந்தாள். மேல்கோட்டைக் கழற்றவில்லை. தேநீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. "எங்கிட்ட அவன் இப்படி எதுவும் சொன்னதில்ல" என்றாள். "எனக்குத் தம்பி. ஒரே வீட்டுல பொறந்தோம். எல்லாம் ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்துச்சு. தனியா செஞ்சு குடுக்கணும்னு அவனுக்குத் தோணல."

ஆறிய தேநீரை மாற்றி வைத்தேன். கேலிகூட வரவில்லை.

"தப்பில்லாமச் சொல்லணும். ஒரு தரம் சொல்லு" என்றாள்.

சொன்னேன். முதல் வகுப்புப் பிள்ளையின் பேச்சைக்கூட நிறுத்தித் திருத்துகிற அத்தை, எங்கும் குறுக்கே வரவில்லை. பிஸ்கட்டுக்குச் சிரிக்கவில்லை. ஓர்கா தவளையை இறக்கிவிடும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். முடித்த பிறகும் திறக்கவில்லை.

"இன்னொரு தரம்" என்றாள். "மெதுவா சொல்லு. நடுவுல நடுவுல அவன் குரல் வருது."